மாத்திரை உயிரைக் காக்கும், மனசை நாம காப்போம்

(நமது வட்டாரக் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில இருந்து சேமிப்பு, கடன், வங்கி இணைப்புன்னு நிறைய பேசியாச்சு. சாப்பாட்டு நேரம் நெருங்குது. ஆனாலும் கொஞ்ச நேரம் பொறுத்துக் கேளுங்க. நான் பேசப்போற விஷயம் கடன் பத்தினது இல்லை, நம்ம ஊர்ப் பிள்ளைங்க பத்தினது. எச்.ஐ.வி.யோட பிறந்து, மாத்திரை சாப்பிட்டு வளர்ந்து, இன்னிக்கு 16, 18, 22 வயசுல நிக்கிற பிள்ளைங்களோட மனசைப் பத்தினது. பல வருஷம் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக வேலை பார்த்தவள் என்ற முறையில், அங்கே கேட்டதையும் கத்துக்கிட்டதையும் உங்ககிட்ட சொல்ல வந்திருக்கேன்.

இதை ஏன் மகளிர் குழுவில் பேசணும்னு சிலருக்குத் தோணலாம். காரணம் இருக்கு. தமிழ்நாட்டில் மகளிர் குழு 1989-இல் தர்மபுரியில் தொடங்கியது. அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் சேலம் மாவட்டத்துக்கு வந்தது. அப்போ நாமக்கல் தனி மாவட்டம் இல்லை, சேலத்தோடதான் இருந்தது. 1997-இல்தான் பிரிந்தது. ஆக, நம்ம பக்கம் குழு வேரூன்றினதும் எச்.ஐ.வி. பரவினதும் ஒரே காலம். லாரி, ரிக் வண்டி, பாடி கட்டும் பட்டறைன்னு இந்தியா முழுக்கப் போய்ச் சம்பாதிச்ச ஊரு இது. அதே காலத்தில்தான் வெள்ளைச் சேலை கட்டின சின்ன வயசுப் பெண்கள் நம்ம குழுக்களுக்கு வந்து சேர்ந்தாங்க. புருஷன் எதனால இறந்தான்னு யாரும் கேட்கலை, அவங்களும் சொல்லலை. மாசம் 20 ரூபாய், 30 ரூபாய் சேமிச்சாங்க. அவங்க இடுப்பில இருந்த குழந்தைங்கதான் இன்னிக்கு வாலிபப் பிள்ளைங்க.

நாமக்கல்லுக்கு ஒரு காலத்தில் கெட்ட பேர் வந்தது உங்களுக்கே தெரியும். பாதிப்பு அதிகமுள்ள மாவட்டம்னு சொல்லிச் சொல்லி, வெளியூரில் பெண் கேட்கப் போனால்கூட ஊர்ப் பேரைக் கேட்டு முகம் சுளிச்சாங்க. ஆனா அதே நாமக்கல் பக்கத்தில் இருந்துதான் கௌசல்யா பெரியசாமி வந்தாங்க. 1995-இல் கல்யாணமாகி, கொஞ்ச நாளிலேயே புருஷன் மூலமாகத் தனக்கும் எச்.ஐ.வி. வந்ததைத் தெரிஞ்சுக்கிட்டவங்க. ஒளிஞ்சு வாழலை. தன் பெயரையும் முகத்தையும் காட்டிப் பேசினாங்க. 1998-இல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்காகவே ஒரு அமைப்பைத் தொடங்கினாங்க. அவமானத்தில் இருந்து ஒரு சங்கம் பிறக்கும்னு காட்டினது நம்ம மண்ணுப் பொண்ணு.

சாவுக் கதை மாறிப்போச்சு

இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிச்சது சென்னையில், 1986-இல். டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும் கண்டுபிடிச்சாங்க. அப்புறம் பல வருஷம் மருந்து கிடையாது, இருந்தாலும் நம்மால வாங்க முடியாத விலை. 2004 ஏப்ரலில் அரசு ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்து இலவசமாகத் தர ஆரம்பிச்சாங்க. குழந்தைகளுக்கான மருந்துத் திட்டம் 2006 கடைசியில் வந்தது. நாமக்கல், சேலம் அரசு ஆஸ்பத்திரிகளில் இன்னிக்கு ஏ.ஆர்.டி. மையம் இருக்கு. 2017-இல் இருந்து, எதிர்ப்பு சக்தி குறையிற வரைக்கும் காத்திருக்காம, எச்.ஐ.வி. இருக்குன்னு தெரிஞ்ச உடனே எல்லாருக்கும் மருந்து தர்றாங்க.

இதனால என்ன ஆச்சு? "இந்தக் குழந்தை பத்து வயசு தாண்டாது"ன்னு சொன்ன குழந்தைங்க தாண்டிட்டாங்க. பன்னிரண்டாம் வகுப்பு முடிச்சாங்க. பாலிடெக்னிக் படிக்கிறாங்க, கோழிப் பண்ணையிலும் மில்லிலும் வேலைக்குப் போறாங்க. ஆஸ்பத்திரி தன் வேலையைச் செஞ்சிடுச்சு. இப்போ மிச்சம் இருக்கிற வேலை, ஊர் செய்ய வேண்டிய வேலை.

அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்?

இப்போ சொல்றது ஒருத்தர் கதை இல்லைங்க. மையத்துக்கு வந்த பல பிள்ளைங்க சொன்னதைச் சேர்த்துச் சொல்றேன். யாரு, எந்த ஊருன்னு தேட வேண்டாம்.

ஒரு பையன். அப்பா அவன் பால்குடி மறக்கும் முன்னாடியே போயிட்டார், அம்மா அவன் ஐந்தாவது படிக்கும்போது. அம்மாயி வளர்க்கிறாங்க. தினமும் ராத்திரி ஒரு மாத்திரை. "எதுக்கு அம்மாயி?"ன்னு கேட்டா, "சத்து மாத்திரை சாமி, சாப்பிடு"ம்பாங்க. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் எய்ட்ஸ் பத்திப் பாடம் நடத்துறாங்க. ஆஸ்பத்திரிச் சுவரில் அவன் பார்த்த அதே சிவப்பு ரிப்பன் படம் புத்தகத்தில் இருக்கு. பக்கத்தில் இருக்கிற பையன் சிரிக்கிறான், "தப்புப் பண்றவங்களுக்கு வர்றதுடா"ங்கிறான். அந்த நிமிஷம் இவனுக்கு எல்லாம் புரியுது. அப்பா ஏன் செத்தார், அம்மா ஏன் செத்தாங்க, பெரியப்பா வீட்டில் தனக்கு மட்டும் ஏன் தனி டம்ளர். எல்லாம் ஒரே நேரத்தில்.

அன்னிக்கு ராத்திரி அவன் மாத்திரையை வாயில் போட்டுக்கிட்டு, கொல்லையில் போய்த் துப்பிட்டு வர்றான். அம்மாயிக்குத் தெரியாது. ஆறு மாசம் கழிச்சுக் காய்ச்சல் வரும்போதுதான் தெரியும்.

இந்தப் பிள்ளைக்கு மருந்து இல்லாம இல்லை, கையிலேயே இருக்கு. சாப்பிடணும்னு தோணணும் இல்லையா? வாழணும்னு நினைக்கிறவன்தான் மாத்திரை சாப்பிடுவான். அதனாலதான் மனசு வேற, மருந்து வேற இல்லைன்னு சொல்றேன். மனசு விட்டுப்போனா மாத்திரை நிக்கும். மாத்திரை நின்னா கிருமி பெருகும், அந்த மருந்துக்கே கிருமி பழகிப்போயிடும், அப்புறம் வேற மருந்துக்கு மாத்தணும். ஒரு பிள்ளையோட சோகம் இப்படித்தான் உயிருக்கே ஆபத்தாகுது.

பெண் பிள்ளைகளுக்கு வேற கவலை. ஹாஸ்டலில் மாத்திரை டப்பாவில் ஒட்டியிருக்கிற லேபிளைக் கிழிச்சுட்டு, வைட்டமின் டப்பாவில் மாத்தி வெச்சுக்குவாங்க. பெண் பார்க்க வர்றாங்கன்னா ராத்திரி தூக்கம் வராது. சொன்னா கல்யாணம் நிக்கும், சொல்லலைன்னா பாவம். யாருகிட்டயும் கேட்கவும் முடியாது. பதினெட்டு வயசில் இந்தப் பாரத்தைத் தனியாச் சுமக்கிறது சாதாரணம் இல்லைங்க.

நாலு விஷயம் நல்லாத் தெரிஞ்சுக்கணும்

முதல் விஷயம், உண்மையைச் சொல்ற வயசு. "சின்னப் பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது"ன்னு தள்ளிப்போடுவோம். பள்ளிக்கூடம் போற வயசுக் குழந்தைக்கு, அது புரிஞ்சுக்கிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லிடணும்னு உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே சொல்லியிருக்கு. "உன் ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கு, இந்த மாத்திரை அதைத் தூங்க வைக்குது, நீ எந்தத் தப்பும் பண்ணலை"ன்னு ஆரம்பிச்சு, பத்து பன்னிரண்டு வயசுக்குள்ள பெயரோட சொல்லிடலாம். ஏ.ஆர்.டி. மைய ஆலோசகர் கூட உட்கார்ந்து உதவி செய்வாங்க. வீட்டில் அன்பாக் கேட்கிற உண்மை வேற, வகுப்பறையில் சிரிப்புக்கு நடுவில் கேட்கிற உண்மை வேற.

இரண்டாவது, மாத்திரையாலும் மனசு தொந்தரவு வரலாம். முன்னாடி நிறையப் பேருக்குக் கொடுத்த எஃபாவிரென்ஸ் மருந்தில் கெட்ட கனவு, தலைசுத்தல், மனச்சோர்வு வர்றது உண்டு. இப்போ பெரும்பாலும் டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை தர்றாங்க. அதிலும் சிலருக்குத் தூக்கம் கெடும். "பிள்ளைக்குப் பேய் புடிச்சிருக்கு"ன்னு மந்திரிக்கப் போகாதீங்க. மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். டாக்டர்கிட்ட சொன்னா நேரத்தை மாத்துவாங்க, தேவைன்னா மருந்தையே மாத்துவாங்க.

மூன்றாவது, கல்யாணம். ஒழுங்கா மருந்து சாப்பிட்டு, வைரல் லோடு பரிசோதனையில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைஞ்சு, அப்படியே இருந்தா, உடலுறவு மூலமாத் துணைக்கு எச்.ஐ.வி. பரவாது. இது ஆறுதலுக்குச் சொல்ற வார்த்தை இல்லை. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளை வெச்சு ஆய்வு செஞ்சாங்க. அதில் சென்னை, புனே தம்பதிகளும் இருந்தாங்க. சீக்கிரமே மருந்து தொடங்கினா பரவுறது 96 சதவீதம் குறையுதுன்னு 2011-இல் வெளியாச்சு. அதுக்கப்புறம் நடந்த ஆய்வுகளில், கிருமி தெரியாத நிலையில் இருந்தவர்கிட்ட இருந்து துணைக்குப் பரவவே இல்லை. குழந்தை பெத்துக்கலாம், குழந்தைக்கு வராமத் தடுக்கவும் வழி இருக்கு. இந்த ஒரு செய்தி தெரிஞ்ச அன்னிக்கு முகம் மலர்ந்த பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன். ஆனா ஒண்ணு, மறைச்சுக் கல்யாணம் செய்யக் கூடாது. கட்டிக்கப் போறவங்களுக்கு முன்னாடியே சொல்லித்தான் ஆகணும். எப்படிச் சொல்றதுன்னு ஆலோசகர் துணையோடு முடிவு செய்யலாம்.

நான்காவது, சட்டம். எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கு. எச்.ஐ.வி. இருக்குன்னு பள்ளியில் சேர்க்காம இருக்கக் கூடாது, வேலையை விட்டு எடுக்கக் கூடாது, வாடகை வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது, ஆஸ்பத்திரியில் சிகிச்சை மறுக்கக் கூடாது. அவங்க சம்மதம் இல்லாம அடுத்தவங்ககிட்ட அதை வெளியே சொல்லக் கூடாது. அப்பா அம்மா இல்லாத வீட்டில், விவரம் தெரிஞ்ச அண்ணனோ அக்காவோ 12 வயசுக்கு மேல் இருந்தா, தம்பி தங்கச்சிக்குப் பாதுகாவலரா இருந்து பள்ளிச் சேர்க்கை, வைத்தியம், வங்கிக் கணக்கு எல்லாம் பார்த்துக்கலாம்னு இந்தச் சட்டம் சொல்லுது. அனாதைப் பிள்ளைங்க காட்டைப் பங்காளிங்க எழுதி வாங்கிக்கிற ஊரில், இது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கே தெரியும்.

மர பெஞ்சில் உட்கார்ந்த பாட்டிகள்

"நாங்க படிக்காதவங்க, மனநோய்க்கு நாங்க என்ன பண்ண முடியும்?"னு கேட்பீங்க. அதுக்கு ஆப்பிரிக்காவில் இருந்து ஒரு பதில் சொல்றேன்.

ஜிம்பாப்வேன்னு ஒரு நாடு. அங்கே எச்.ஐ.வி. மிக அதிகம், மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் ஹராரே நகரத்தில் ஒரு வழி கண்டுபிடிச்சார். சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு மர பெஞ்சு போட்டார். ஊர்ச் சுகாதார வேலை பார்த்த பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து அதில் உட்கார வெச்சார். அதுக்கு 'நட்பு பெஞ்சு'ன்னு பேர். மனசு சரியில்லாதவங்க வந்து பாட்டி பக்கத்தில் உட்காருவாங்க. பாட்டி 'மனச்சோர்வு நோய்'னு பேசமாட்டாங்க. அவங்க மொழியில் அதுக்குப் பேரு 'யோசனை அதிகமாயிடுச்சு'. நம்ம ஊரிலும் அப்படித்தானே சொல்றோம்?

பாட்டி முதல்ல கேட்பாங்க, குறுக்கே பேசமாட்டாங்க. அப்புறம் என்னென்ன கஷ்டம்னு ஒவ்வொண்ணா எண்ணுவாங்க. அதில் ஒரே ஒரு கஷ்டத்தை அவங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வாங்க. அதுக்கு இந்த வாரம் செய்யக்கூடிய சின்ன வேலை ஒண்ணை முடிவு பண்ணுவாங்க. அடுத்த வாரம் வந்து என்ன ஆச்சுன்னு சொல்லணும். அவ்வளவுதான். இப்படி ஆறு தடவை. 24 சுகாதார நிலையங்களில் 573 பேரை வெச்சுப் பரிசோதிச்சு, 2016-இல் முடிவை வெளியிட்டாங்க. அதில் பத்துக்கு நாலு பேர் எச்.ஐ.வி. உள்ளவங்க. பாட்டி பெஞ்சில் பேசினவங்களுக்கு மனச்சோர்வு நல்லாக் குறைஞ்சிருந்தது.

அதே நாட்டில் எச்.ஐ.வி. உள்ள வாலிபப் பிள்ளைங்களே, தங்களை மாதிரி மற்ற பிள்ளைங்க வீட்டுக்குப் போய்த் துணையா நிக்கிற திட்டமும் இருக்கு. அதுக்கு 'நான் இருக்கிறபடியே' என்று பொருள்படும் பெயர். ஒரே கஷ்டத்தில் இருக்கிறவன் சொன்னா பிள்ளைங்க காதில் ஏறுது. நம்ம பக்கத்திலும் எச்.ஐ.வி. உள்ளோர் சங்கங்கள் இருக்கு. ஒரு பிள்ளையை அங்கே கூட்டிக்கிட்டுப் போய் அறிமுகம் செய்தாலே பாதி பாரம் இறங்கும்.

அம்மா, யோசிச்சுப் பாருங்க. வாரா வாரம் கூடுறது, கஷ்டத்தைக் கேட்கிறது, ஒரு முடிவு எடுக்கிறது, அடுத்த வாரம் என்ன ஆச்சுன்னு கேட்கிறது. இது நம்ம குழுக் கூட்டம் இல்லையா? பஞ்ச சூத்திரம்னு நாம மனப்பாடமாச் சொல்றோமே, முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், ஒழுங்கான திருப்பம், சரியான கணக்கு. இந்தப் பழக்கம் இருக்கிறவங்களுக்கு ஒரு பிள்ளையோட பக்கத்தில் உட்கார்றது புதுசா?

நாம செய்யக்கூடியது

ஒண்ணு, நாக்கு. எச்.ஐ.வி. எவ்வளவு பேரைக் கொன்னுச்சோ தெரியாது, "உனக்குத் தெரியுமா, அந்த வீட்டில்..."ங்கிற பேச்சு உயிரோடு கொன்ன பேர் அதிகம். ஒரு வீட்டு விஷயம் குழுவில் தெரிஞ்சா குழுவோட நிக்கணும். கடன் கேட்டா தீர்மானப் புத்தகத்தில் 'மருத்துவச் செலவு'ன்னு மட்டும் எழுதுங்க. நோயின் பேரை எழுத வேண்டாம். அந்தப் புத்தகத்தை வங்கியிலும் பார்ப்பாங்க, தணிக்கைக்கும் போகும்.

இரண்டு, பரிதாபம் வேண்டாம். "பாவம், எத்தனை நாளைக்கோ" என்ற வார்த்தை பிள்ளை காதில் விழுந்தா அன்னிக்கு ராத்திரி மாத்திரை நிக்கும். "ஏஞ்சாமி, பரீட்சை எப்படி எழுதுன?"ன்னு கேளுங்க. மற்றப் பிள்ளைகிட்ட கேட்கிறதையே கேளுங்க. வீட்டுக்கு வந்தா எல்லாருக்கும் தர்ற டம்ளரிலேயே காபி குடுங்க. டம்ளரிலோ தட்டிலோ எச்.ஐ.வி. வராது.

மூன்று, ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள். வளர்க்கிற அம்மாயிக்கு வயசாகுது. அவங்க காலத்துக்கு அப்புறம் யாருங்கிற பயம் அந்தப் பிள்ளைக்கு ராத்திரி பகலா இருக்கும். நம்பிக்கையான ஒரு உறுப்பினர், பிள்ளையும் சம்மதிச்சா, மருந்து வாங்கப் போகும்போது பஸ்ஸில் கூடப் போகலாம். வாரம் ஒருதரம் பேசலாம். போதும்.

நான்கு, படிப்பும் தொழிலும். எச்.ஐ.வி. பாதித்த குழந்தைகளுக்காகத் தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கின அறக்கட்டளை இருக்கு. மையத்தில் விசாரிச்சு விண்ணப்பிக்க உதவுங்க. 18 வயசு தாண்டின பிள்ளை தையல் மெஷினுக்கோ செல்போன் ரிப்பேர் கடைக்கோ கேட்டா, "இவன் இருந்து கட்டுவானா"ன்னு பார்க்காம, வளர்க்கிறவங்க பேரில் உள்கடன் கொடுங்க. நம்பிக் கொடுக்கிற கடனும் ஒரு மருந்துதான்.

ஐந்து, ஆபத்தான அடையாளம். பிள்ளை சாப்பிடாம இருக்கு, யாரோடயும் பேசலை, வேலைக்குப் போறதை நிறுத்திடுச்சு, ஆசையா வெச்சிருந்த பொருளை எல்லாம் மத்தவங்களுக்குக் குடுக்குது, "நான் இல்லைன்னா உங்களுக்கு நிம்மதி"ன்னு சொல்லுது. இதை வேஷம்னு நினைக்காதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப்போகலாம்னு தோணுதா கண்ணு?"ன்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துடாது. கேட்க ஒரு ஆள் இருக்குங்கிற தைரியம்தான் வரும். அன்னிக்கு அந்தப் பிள்ளையைத் தனியா விடாதீங்க. வீட்டில் இருக்கிற பூச்சி மருந்தை எடுத்துப் பூட்டி வையுங்க. உடனே அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. போன்லயும் உதவி கிடைக்கும். மனநலத்துக்கு 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104, எச்.ஐ.வி. சந்தேகத்துக்கு 1097, குழந்தைகளுக்கு 1098. இந்த நாலு நம்பரையும் குழுவின் கணக்குப் புத்தக அட்டையில் எழுதி வையுங்க.

எல்லாத்தையும் நாமே தீர்த்துட முடியாதுங்க. மருந்து கொடுக்க டாக்டர் வேணும், மனநோய் முத்தினா மனநல மருத்துவர் வேணும். நம்ம வேலை அவங்க வேலையைச் செய்யிறது இல்லை. அங்கே போற வரைக்கும் கூடப் போறது, திரும்பி வந்ததும் பக்கத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பிள்ளை மாசத்துக்கு அரை மணி நேரம் இருக்கும். மிச்ச நாளெல்லாம் நம்ம தெருவில்தான் இருக்கு.

நம்ம கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள் வெச்சு முடிச்சுக்கறேன். அடுத்த மாதக் கூட்டத்தில், 'எந்த உறுப்பினர் வீட்டு நோய் விவரத்தையும் குழுவுக்கு வெளியே பேசமாட்டோம்' என்று ஒரு வரித் தீர்மானம் போடுங்க. எல்லாக் குழுவும் கையெழுத்துப் போடட்டும். எந்த நோய்னு அதில் எழுத வேண்டாம். அந்தத் தீர்மானம் யாருக்காகன்னு தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியும். அந்தப் பந்தல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு தாயோ ஒரு அம்மாயியோ, இனிமே இங்கே வாய் திறக்கலாம்னு நினைச்சாங்கன்னா, இந்த ஆண்டு விழா நல்லா நடந்துச்சுன்னு அர்த்தம்.